பன்னிரண்டாயிரம் ரூபாய் வகுப்பு

கிடைக்காது என்று தெரிந்தே ஒரு மனிதரிடம் பன்னிரண்டாயிரம் ரூபாய் வாங்கினேன். அவருக்கு வேண்டியிருந்தது கைத்துப்பாக்கி உரிமம். நான் விற்றது அந்த உரிமத்துக்கு விண்ணப்பிக்கத் தேவைப்படும் பயிற்சிச் சான்றிதழ். சான்றிதழ் கையில் இருந்தாலும் அவரைப் போன்றவருக்கு உரிமம் வராது என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அவர் பணத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். அதனால் சொல்லவில்லை. இதைச் சுற்றிவளைத்து எழுத ஆரம்பித்தால் எனக்குச் சாதகமாகவே எழுதிவிடுவேன் என்ற பயம் இருக்கிறது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். கூடவே பல வருடங்கள் என்.சி.சி. அதிகாரியாகவும் இருந்தேன். மாணவர்களைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துப்போன பழக்கத்தில், ஓய்வு பெற்ற பிறகு ஒரு ரைபிள் கிளப்பில் உறுப்பினரானேன். கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. திருமங்கலம் தாண்டி டி. கல்லுப்பட்டி போகும் வழியில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கரிசல் காட்டில் ஒரு மண்மேடு. அதற்கு முன்னால் ஒரு தகரக் கொட்டகை. ஒற்றை வேப்பமரம். சுற்றிலும் கருவேலம். கோச்சடையில் இருக்கும் என் வீட்டிலிருந்து காரில் போக ஒரு மணி நேரம் பிடிக்கும்.

முன்பெல்லாம் துப்பாக்கி வேண்டுபவர்கள் நேராக மனுப் போடலாம். பிறகு விதி மாறியது. துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளத் தெரியும் என்பதற்குப் பயிற்சிச் சான்றிதழை இணைக்க வேண்டும் என்றார்கள். எங்கள் கிளப்புக்கு அந்த வகுப்பை நடத்த அனுமதி கிடைத்தது. நான் வாத்தியார் என்பதால் வகுப்பை என் தலையில் கட்டினார்கள். கட்டணத்தை நிர்ணயிக்கும் பொறுப்பும் என்னிடமே வந்தது.

ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆளுக்கு இத்தனை தோட்டா, இலக்குத் தாள், உதவிப் பயிற்சியாளருக்குச் சம்பளம், மூன்று நாள் சாப்பாடு, காப்பி, கொட்டகை வாடகை. எப்படிக் கூட்டினாலும் நாலாயிரத்தைத் தாண்டவில்லை. நான் பன்னிரண்டாயிரம் என்று எழுதினேன்.

அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் ஒன்று இருந்தது. துப்பாக்கி வகுப்பு மலிவாக இருக்கக்கூடாது, விலை கூடுதலாக இருந்தால் வேடிக்கைக்கு வருகிறவன் வரமாட்டான், உண்மையான தேவை உள்ளவன்தான் வருவான் என்று நினைத்தேன். படித்தவன் இப்படித்தான் நினைப்பான். வேடிக்கைக்கு வருகிறவனுக்குத்தான் பன்னிரண்டாயிரம் ஒரு பொருட்டே இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கல்குவாரி வைத்திருப்பவர்கள், ரியல் எஸ்டேட்காரர்கள், வட்டிக்கு விடுகிறவர்கள் வந்தார்கள். இடுப்பில் ஒன்று இருந்தால் ஒரு கெத்து என்று சிலர் வாய்விட்டே சொன்னார்கள்.

அவர்களிலும் மிகப் பெரிய மனிதர்களிடம் நாங்கள் காசு வாங்கவில்லை. இது எங்கும் எழுதி வைத்த வழக்கமில்லை. செல்வாக்கு உள்ளவர் வந்தால் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "உங்ககிட்டப் போயி வாங்குறதாண்ணே" என்பார். அவரும் ஒப்புக்கு மறுத்துவிட்டு ஒத்துக்கொள்வார். கடைசி நாளில் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்துவார். அவருக்குச் செலவாகும் தோட்டாவின் விலையையும் கடன் வாங்கிக் கட்டியவர்கள்தான் கொடுத்தார்கள். வீட்டில் அப்படி வந்த சால்வைகள் ஒரு அலமாரித் தட்டு நிறைய இருந்தன. எனக்கு அதில் பெருமைதான்.

சான்றிதழ் வாங்கிப் போனவர்களில் பலர் சில மாதம் கழித்து எனக்குப் போன் செய்வார்கள். மனு திரும்பிவிட்டது, உயிருக்கு ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள், என்ன செய்வது என்பார்கள். இப்படிப் பல போன்கள் வந்த பிறகு யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது எனக்கு ஓரளவு பிடிபட்டது. விசாரித்துக் கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் வேலை. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வகுப்பின் முதல் நாளில் யாராவது ஒருவர் கட்டாயம், "கெடைச்சிரும்ல சார்?" என்று கேட்பார். நான் சிரித்துக்கொண்டே, "சொல்லிக் குடுக்கறது நம்ம வேலை. குடுக்கறது அவங்க வேலை" என்பேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. பொய் சொல்லாமலே ஏமாற்றுவதற்கு நான் கண்டுபிடித்த வழி அது.

அந்த மனிதர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நாற்பதை ஒட்டிய வயது. திருமங்கலம் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் கல்லாவில் இருந்தார். பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஒன்றில் வந்து, வேப்பமர நிழலில் நின்ற இரண்டு பெரிய கார்களுக்கு நடுவே அதை நுழைத்து நிறுத்தினார். கார்க் கதவில் இடித்துவிடுமோ என்று பயந்து, வெளியே எடுத்து வெயிலில் நிறுத்திவிட்டு வந்தார்.

அவருடைய நிலைமையை அன்றே சொன்னார். பங்க் முதலாளி தினமும் வசூலை பேங்குக்குக் கொண்டுபோக நம்பகமான ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். பக்கத்து ஊர் பங்க்கில் பணப்பையைப் பறித்துக்கொண்டு போன நாளிலிருந்து அவருக்குப் பயம். துப்பாக்கி லைசென்ஸ் எடுத்து வந்தால் உன்னையே மேனேஜராகப் போடுகிறேன், இல்லாவிட்டால் என் மச்சினனை வரச்சொல்லிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். வகுப்புச் செலவு இவருடையது. மேனேஜர் ஆனால் சம்பளம் கூடும். ஆகாவிட்டால் அந்த மச்சினனுக்குக் கீழே நிற்க வேண்டும்.

பணத்தில் பாதி கொண்டு வந்திருந்தார். மீதியைக் குறைத்துக்கொள்ள முடியுமா, அல்லது மாதாமாதம் கட்டலாமா என்று கேட்டார். நான் அவரை அனுப்பிவைத்திருக்க வேண்டிய இடம் அதுதான். பெட்ரோல் பங்க் காசாளரின் மனு என்ன ஆகும் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் நான் சொன்னது வேறு.

"எல்லாருக்கும் ஒரே விலைதான். ஒருத்தருக்குக் கொறச்சா அது நியாயமா இருக்காது."

அவர் கொண்டுவந்த பாதியைப் பொருளாளரிடம் கொடுத்தார். "மீதிய நாளைக்குக் கட்டிர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலை அவர் தாமதமாக வந்தார். நான் வகுப்பை ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது, செருப்பில் கரிசல் மண். வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்டார். என்.சி.சி. காலத்துக் குரல் எனக்குள் இன்னும் போகவில்லை. எல்லார் முன்னாலும், "நேரத்துக்கு வரத் தெரியாதவருக்குத் துப்பாக்கி எதுக்கு? கையில தோட்டா இருக்கறப்பவும் இப்படித்தான் அசால்ட்டா இருப்பீங்களா?" என்றேன். சிலர் சிரித்தார்கள். அவர் வந்து உட்கார்ந்தார்.

அவருக்கும் பிறகு, கல் உடைக்கும் கிரஷர் வைத்திருக்கும் ஒரு முதலாளி வந்தார். அவர் இலவசக்காரர். பொருளாளர் ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்தார். நான் வகுப்பை நிறுத்தி, முன்வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொன்னேன். இதையெல்லாம் நான் அப்போது கவனிக்கவே இல்லை. பின்னால் யோசித்துப் பார்த்தபோதுதான் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

காப்பி நேரத்தில் பங்க்காரர் மீதிப் பணத்தைக் கொண்டுவந்து பொருளாளரிடம் கொடுத்தார். ரசீதை வாங்கிக்கொண்டு, டம்ளரோடு கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றார். எங்களுக்கும் அவருக்கும் இடையில் மேசை அகல தூரம்தான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நானும் பொருளாளரும் சௌராஷ்டிரர்கள். நெசவுத் தெருவில் பிறந்தவர்கள். வீட்டில் பேசுவது வேறு மொழி. கடையிலோ, பேருந்திலோ, நாலு பேர் கூடிய இடத்திலோ பிறர் காதில் விழக்கூடாத பேச்சு என்றால் சட்டென்று அந்த மொழிக்கு மாறிக்கொள்வோம். எங்கள் வீட்டுப் பெண்கள் புடவைக்கடையில் விலை படியுமா படியாதா என்று கடைக்காரர் முன்னாலேயே பேசி முடிவு செய்வார்கள். கதவைச் சாத்தாமலே சாத்திக்கொள்கிற மாதிரி.

அன்றும் அப்படித்தான். பொருளாளர் எங்கள் மொழியில், இந்த ஆளுக்குக் கிடைக்குமா என்று கேட்டார். எங்கே கிடைக்கப் போகிறது, கல்லாவில் இருக்கிறவர்களுக்கெல்லாம் யார் கொடுப்பார்கள், கிரஷர்காரருக்கு வேண்டுமானால் கிடைக்கலாம் என்றேன். பாவம், சொல்லிவிடலாமே என்றார் அவர். சொன்னால் நாளைக்கு வகுப்பில் யார் உட்காருவார்கள் என்று நான் கேட்டேன். இருவரும் சிரித்தோம். பங்க்காரர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை கையாளும் தேர்வு. குழல் எப்போதும் மண்மேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும். சுடும் கணம் வரை விரல் விசையில் படக்கூடாது. காலி என்று பிறர் சொன்னாலும் தானே திறந்து பார்க்க வேண்டும். கிரஷர் முதலாளி துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் திரும்பி யாரையோ கூப்பிட்டார். உதவிப் பயிற்சியாளர் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். பங்க்காரர் எந்த இடத்திலும் தவறு செய்யவில்லை. கல்லாவில் நோட்டு எண்ணிப் பழகிய கை, நிதானமாக இருந்தது. இருவருக்கும் ஒரே சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. கைதட்டினார்கள்.

பங்க்காரர் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கி மடக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார். "வாரேன் சார்" என்று மட்டும் சொன்னார். போகும்போது எல்லாரும் கேட்கிற கேள்வியை அவர் கேட்கவில்லை. கெடைச்சிரும்ல சார் என்ற அந்தக் கேள்வியை. எனக்கு அது வசதியாக இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு வகுப்பு முடிந்து திரும்பும் வழியில் அந்த பங்க்கில் பெட்ரோல் போட நிறுத்தினேன். கல்லாவில் வேறு ஆள் இருந்தார். பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவரிடம் பழைய காசாளர் எங்கே என்று விசாரித்தேன். அவர் என்னை யாரென்று அறியாதவர், பேச்சுப் பிரியர்.

"யாரு, நம்ம பிஸ்டலா?" என்றார். "இங்க அவருக்கு வச்ச பேரு சார் அது. வண்டிய வித்துத் துப்பாக்கிப் படிப்பு படிச்ச ஆளு. துப்பாக்கியும் வரல, வண்டியும் போச்சு. மொதலாளி மச்சினன் வந்து கல்லாவுல உக்காந்துட்டாரு. நாங்க வேற சும்மா இருப்பமா? அவரு உள்ள நொழைஞ்சா ரெண்டு கையவும் தூக்கிக்கிட்டு, 'மாப்ள, சுட்றாதப்பா'ன்னு நிப்போம். சிரிப்பாரு. ஒருநா சொல்லாமக் கொள்ளாம வேலைய விட்டு நின்னுட்டாரு. கப்பலூர்ல ஏதோ கம்பெனி கேட்டுல வாச்மேனா இருக்கிறதாப் பேச்சு."

வண்டியை எப்போது விற்றார் என்று கேட்டேன்.

"மொத நா கிளாசுக்குப் போயிட்டு வந்த சாயங்காலமே. பணம் பத்தலையாம். ஒத்த விலைன்னுட்டானாம் அந்த வாத்தியான்."

மீதிச் சில்லறையை வாங்காமலே வண்டியை எடுத்துவிட்டேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது.

சாலையில் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து எங்கள் கொட்டகைக்கு நடக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த வழியில் பேருந்தும் எப்போதாவதுதான். அவர் சனிக்கிழமை தாமதமாக வந்ததற்குக் காரணம் நான். எனக்குக் கொடுப்பதற்காக வண்டியை விற்றுவிட்டு, நடந்து வந்தவரைத்தான் நேரம் தெரியாதவர் என்று நான் பழித்தேன். இது புரிந்த பிறகு அந்தக் காட்சியை எத்தனை முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. ஒரு தடவைகூட அவர் முகத்தை என்னால் சரியாக நினைவுபடுத்த முடியவில்லை. நான் பார்த்தது செருப்பைத்தான்.

முதலில் கிளப்பில் சரிசெய்யப் பார்த்தேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், கட்டணத்தை நாலாயிரத்துக்குக் கொண்டுவர வேண்டும், யார் வந்தாலும் அதைக் கட்டியாக வேண்டும் என்றேன். அதைவிட முக்கியமாக, பணம் வாங்குவதற்கு முன்னால் முதல் ஒரு மணி நேரம் சும்மா பேச வேண்டும். இந்தச் சான்றிதழால் உரிமம் கிடைத்துவிடாது, பெரும்பாலும் மறுத்துவிடுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகும் இருக்கிறவர்களிடம் மட்டும் காசு வாங்க வேண்டும் என்றேன். எல்லாரும் பொருளாளரைப் பார்த்தார்கள். அவர் என்னைவிட வயதில் சிறியவர், உறவிலும் தம்பி முறை. இந்த முறை தமிழிலேயே பேசினார்.

"அண்ணே, நீங்க காலேஜ்ல இருந்தவுக. பெயிலாகப் போற பயன்னு தெரிஞ்சும் பீஸ் வாங்கித்தான பரிச்சைக்கு உக்கார வச்சீக? அப்பெல்லாம் உங்களுக்கு இம்புட்டு நியாயம் வரலையே."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போன பிறகுதான் பதில் வந்தது: பரீட்சையில் தோற்றவன் மறுபடி எழுதலாம். ஆனால் அப்போது யாரிடம் சொல்வது?

என் பொறுப்பில் நடந்த அடுத்த வகுப்பில், கமிட்டி ஒத்துக்கொள்ளாமலே, முதல் மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பாதிக்கு மேல் எழுந்து போய்விட்டார்கள். போனவர்களில் ஒருவர், வரவழைத்துவிட்டு இதை இங்கே வைத்துத்தான் சொல்ல வேண்டுமா என்று திட்டிவிட்டுப் போனார். அவர் கேட்டதும் சரிதான். மிச்சமிருந்தவர்களில் இரண்டு பேர், அந்தக் கதையெல்லாம் மற்றவர்களுக்கு, தங்களுக்கு ஆள் இருக்கிறது என்று சொன்னார்கள். அதற்கடுத்த வகுப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. வயதாகிவிட்டது, இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். கடைசியாக எனக்குக் கிளப் சார்பில் ஒரு பொன்னாடையும் போர்த்தினார்கள். இப்போது கட்டணம் பதினைந்தாயிரம் என்று கேள்வி.

கிளப்பில் முடியாததை அந்த மனிதரிடமாவது செய்வோம் என்று தோன்றியது. பணமாகக் கொடுத்தால் வாங்கமாட்டார் என்று நினைத்தேன். திருமங்கலத்தில் பழைய வண்டி விற்கும் இடத்தில் ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வாங்கினேன். அவருடையதைவிடக் கொஞ்சம் புதிது. பெயர் மாற்றும் தாள்களையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் ஊரை பங்க்கில் விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை நானே ஓட்டிக்கொண்டு போனேன். பல வருடமாக இரண்டு சக்கர வண்டியைத் தொடாதவன். வழியில் லாரிகள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின.

ஓட்டு வீடு. அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து கீரையைக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் உள்ளேயிருந்து கைலியோடு வந்து என்னைப் பார்த்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு மறுபடி வந்தார். யார் என்று மனைவி கேட்டதற்கு, "கிளாஸ் சார்" என்றார். அந்த அம்மாள் கை கீரையில் நின்றது. பிறகு தொடர்ந்தது.

நான் சுருக்கமாகச் சொன்னேன். வண்டியை விற்றது தெரியும், தாமதத்துக்காகப் பேசியது தவறு, இந்த வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேணாம் சார். எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "ஒண்ணே ஒண்ணு செய்யிங்க. நான் பெயிலுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா இவ. தாளக் காட்டுனேன். அம்புட்டுக் காசு குடுத்தா எவனும் எழுதிக் குடுப்பான்னுட்டா. பாஸுன்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

நான் அந்த அம்மாளிடம் சொன்னேன். அந்த வகுப்பில் தவறே செய்யாதவர் இவர் ஒருவர்தான். தேர்வில் இவருக்கு மேல் யாரும் இல்லை. உரிமம் மறுத்ததற்கும் இவருடைய திறமைக்கும் சம்பந்தமில்லை. இவரைப் போலச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கொடுப்பதில்லை.

அந்த அம்மாள் தலையைத் தூக்கினார். "அது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முன்னாடியே தெரியும்மா."

"தெரிஞ்சேதான் வாங்குனீகளா?"

ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன் என்று அப்போது தோன்றியது.

"எனக்கும் தெரியும்" என்றார் அவர், மனைவியைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினார். சின்ன வயதில் எங்கள் நெசவுத் தெருவில் ஒரு சாயப்பட்டறையில் ஏழெட்டு வருடம் வேலை பார்த்ததாகச் சொன்னார். "உங்க பாசை எனக்கு நல்லாவே புரியும் சார். பேசத்தான் கூச்சம். அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் பேசுனது பூராம் புரிஞ்சுச்சு."

அப்போதே கேட்டிருக்கலாமே, பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாமே என்று என்னவோ உளறினேன்.

"நீங்க என்கிட்டயா சொன்னீக?" என்றார். "என் மொகத்தப் பாத்துச் சொல்லியிருந்தா அந்த நிமிசமே கேட்டிருப்பேன். நீங்க ரெண்டு பேரும் உங்களுக்குள்ள பேசிக்கிட்டது. அத வச்சு எப்பிடி சார் வந்து கேக்கிறது? ஒட்டுக்கேட்டவன்னு ஆயிரும்ல. சரி, ஒருவேள உங்களுக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சு மனுவப் போட்டேன்."

பாதிப் பணம் கட்டி, வண்டியை விற்று மீதியையும் கட்டி, அது வீண் என்று தெரிந்த பிறகும் ஒன்றரை நாள் அங்கே உட்கார்ந்திருக்கிறார். காலி என்று நான் சொன்ன துப்பாக்கியை நம்பாமல் திறந்து பார்த்திருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்தபடியே.

அந்த அம்மாள் எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். "சாவியக் குடுங்க" என்றார்.

"வேணாம்னு சொல்றேன்ல" என்றார் அவர்.

"உங்களுக்கு வேணாம். வித்தது யாரு வண்டி? எங்கப்பா வாங்கிக் குடுத்தது. என்னையக் கேட்டா வித்தீக? என்னையக் கேட்டா வேணாங்கிறீக?" என்றவர் என்னிடம் திரும்பி, "தாளெல்லாம் சரியா இருக்கா? பின்னாடி எவனும் வந்து நிக்கமாட்டானே?" என்று கேட்டார்.

சரியாக இருக்கிறது என்று சாவியையும் தாள்களையும் கொடுத்தேன். அந்த அம்மாள் ஒவ்வொரு தாளையும் பிரித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று இருவரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் பகையாளி வந்தால்கூடக் கேட்பார்கள். நான் போய்வருகிறேன் என்று சொன்னதற்குக் கணவர் தலையை மட்டும் அசைத்தார். சாலை வரை நடந்து போய்ப் பேருந்துக்கு நின்றேன். வெகுநேரம் வரவில்லை.

அதன் பிறகு எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் செய்துவருகிறேன். வகுப்பில் சேரலாமா என்று பழைய எண்ணைப் பார்த்து இன்னும் சிலர் எனக்குப் போன் செய்கிறார்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள், எதற்காக வேண்டும் என்று கேட்டுவிட்டு, கிடைப்பது கஷ்டம், பணத்தைக் கட்டுமுன் யோசியுங்கள் என்று நேராகச் சொல்கிறேன். சிலர் நன்றி சொல்வார்கள். சிலர், நீங்கள் யார் அதைச் சொல்ல என்று வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தவர்கள் போய்ப் பதினைந்தாயிரம் கட்டினார்களா என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் திருமங்கலம் சந்தைப் பக்கம் போயிருந்தபோது அந்த வண்டியைப் பார்த்தேன். முன்பக்கம் கீரைக் கூடை, பின்னால் இன்னொரு சாக்கு. அந்த அம்மாள் அதன் பக்கத்தில் நின்று விற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. நான் இரண்டு கட்டு வாங்கினேன். மற்றவர்களிடம் வாங்கிய அதே காசை என்னிடமும் வாங்கினார்.

வண்டி ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுகிறது, பிரேக் மட்டும் மாற்றினேன் என்றார். கணவர் எப்படி இருக்கிறார் என்றேன்.

"இருக்காரு. இத மட்டும் தொடமாட்டேங்கிறாரு. நானும் சொல்லிப் பாத்துட்டேன், காலையில போகையில எறக்கி விட்டுட்டுப் போறேன்னு. பின்னால உக்காரக்கூட மாட்டேங்கிறாரு. கப்பலூருக்கு பஸ்ஸுலதான் போறாரு. பஸ்ஸு நேரத்துக்கு வந்தாத்தான ஆச்சு? வாரத்துல ரெண்டு நா லேட்டுன்னு அங்க பேச்சு வாங்குறாராம்."

அதற்குள் இன்னொருவர் கீரை கேட்டார். அந்த அம்மாள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.